சோனி இசட்வி-இ10 கேமராவுக்கு எந்த மெமரி கார்டு வாங்குவது?

கடைக்காரர் வினாடிக்கு 300 எம்பி (மெகாபைட்) வேகமுள்ள கார்டைத்தான் வாங்கச் சொல்கிறார் என்றும், இணையத்தில் அதைவிடக் குறைந்த விலைக்கு 512 ஜிபி கார்டே கிடைக்கிறது என்றும், வாங்கும் கார்டைக் காரின் முன்கண்ணாடியில் இருந்து சாலையைப் பதிவு செய்யும் டேஷ்கேமிலும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலிப் பக்கம் பல ஆண்டுகளாகக் கல்யாணம், காதுகுத்து என்று படமெடுத்து வருபவன் என்ற முறையில் என் விடை இது: 300 எம்பி கார்டு உங்கள் கேமராவுக்கு வீண் செலவு, அந்த 512 ஜிபி கார்டைத் தொடாதீர்கள், டேஷ்கேமுக்குத் தனிக் கார்டு வாங்குங்கள்.

முதலில் வேகம். கார்டின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகமே தவிர எழுதும் வேகம் அன்று. அதுவும் சாதகமான சூழலில் எட்டக்கூடிய உச்ச அளவு. படமெடுப்பவருக்கு வேண்டியது, எவ்வளவு நேரம் பதிவு செய்தாலும் எழுதும் வேகம் எந்த அளவுக்குக் கீழே இறங்காது என்ற உறுதிமொழி. அதைச் சொல்வது ஓரத்தில் சிறிதாக இருக்கும் குறி. யூ என்ற எழுத்துக்குள் 3 இருந்தாலும், வி30 என்று இருந்தாலும் வினாடிக்குக் குறைந்தது 30 எம்பி. வி60 என்றால் 60. வி90 என்றால் 90. உங்கள் கேமரா 4கே காணொளியை அதிகபட்சமாக வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவு செய்கிறது. இது பிட் கணக்கு. எட்டால் வகுத்தால் பைட் கணக்கில் 12.5 எம்பிதான். ஆகவே வி30 கார்டே தேவைக்கு இருமடங்குக்கும் மேல். பிட்டையும் பைட்டையும் ஒன்றென எண்ணிப் பயந்து வி90 வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைக்காரர் காட்டிய கார்டு யுஎச்எஸ்-2 வகையாக, அதாவது யுஎச்எஸ்-1 க்கு அடுத்து வந்த, தரவை இன்னும் வேகமாகக் கடத்தும் வகையாக இருக்க வேண்டும். பின்பக்கம் திருப்பினால் தொடுமுனைகள் இரண்டு வரிசையாக இருக்கும். இசட்வி-இ10 இல் இருப்பது யுஎச்எஸ்-1 துளை. அந்த இரண்டாவது வரிசையைத் தொடும் முனைகளே அதில் இல்லை. கார்டு வேலை செய்யும், ஆனால் யுஎச்எஸ்-1 இன் உச்சமான வினாடிக்கு 104 எம்பி என்ற எல்லைக்குள்தான் ஓடும். பிறகு கணினிக்கு மாற்றும்போது வேகம் கிடைக்குமே என்றால், அதற்கும் யுஎச்எஸ்-2 கார்டு ரீடர் தனியாக வாங்க வேண்டும். 170, 200 என்று போட்டிருக்கும் யுஎச்எஸ்-1 கார்டுகளும் உண்டு. அந்த வேகம் அதற்கு ஒத்துப்போகும் ரீடரில்தான் வரும், உங்கள் கேமராவில் வராது.

இனி அந்த 512 ஜிபி கார்டு. 2018 ஆம் ஆண்டு இதே போன்ற மலிவு விலையில், பெயர்பெற்ற நிறுவனத்தின் அட்டையோடு வந்த 128 ஜிபி கார்டு ஒன்றை இணையத்தில் யாரோ ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். கணினி 119 ஜிபி என்று காட்டியது. அது சரியான அளவுதான், ஏனெனில் கார்டு செய்பவர்கள் ஆயிரத்தின் மடங்குகளிலும் கணினி 1024 இன் மடங்குகளிலும் கணக்கிடுகிறார்கள். பத்துப் படம் எடுத்துப் பார்த்தேன், நன்றாக இருந்தன. அதை ஒரு காதணி விழாவுக்கு எடுத்துச் சென்றேன். அன்று இரவு திறந்தபோது முதல் முந்நூற்றுச் சொச்சம் படங்கள் மட்டுமே உயிரோடு இருந்தன. மற்றவற்றின் பெயர்கள் இருந்தன, அளவு இருந்தது, திறந்தால் பாதிப் படமும் மீதி சாம்பல் நிறமுமாகச் சில, எதுவுமே திறக்காதவையாகப் பல.

நடந்தது என்ன என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். கார்டுக்குள் தரவு சேமிக்கும் சில்லு ஒன்றும், அதை நிர்வகிக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு ஒன்றும் இருக்கின்றன. போலி செய்பவர்கள் கட்டுப்பாட்டுச் சில்லின் மென்பொருளை மாற்றி, 8 ஜிபி இடத்தை 128 என்று சொல்ல வைத்துவிடுகிறார்கள். கேமராவும் கணினியும் அந்த வாக்கை அப்படியே நம்புகின்றன. உண்மையான இடம் நிரம்பும் வரை ஒரு குறையும் தெரியாது. அதன் பிறகு எழுதுவது எங்கும் சேராமல் போகிறது, அல்லது முன்னே எழுதியதன் மேலேயே எழுதப்படுகிறது. படமெடுத்தவுடன் கேமராத் திரையில் ஒரு நொடி தெரிவது கேமராவின் சொந்த நினைவகத்திலிருந்து வருவது என்பதால், அன்று எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. தவறுதலாக அழித்த படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தேன். அது வேறு பல சமயங்களில் என்னைக் காப்பாற்றியிருக்கிறது. இங்கே எழுதப்படவே இல்லாததை அது எங்கிருந்து மீட்கும்? மருமகளுக்குக் காது குத்துவதற்காகத் தாய்மாமன் மும்பையிலிருந்து விடுப்பெடுத்து வந்திருந்தார். “தம்பி, மாமன் மடியில பிள்ள இருக்கிற படம் ஒண்ணாவது தேறுமா?” என்று வீட்டுப் பெரியவர் கேட்டார். ஒன்றும் தேறவில்லை. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்க மறுத்ததுதான் இன்னும் உறுத்துகிறது.

அதிலிருந்து எந்தக் கார்டையும், அது பெரிய கடையிலிருந்து வந்தாலும், முழுக்க நிரப்பிப் பார்க்காமல் வேலைக்கு எடுப்பதில்லை. விண்டோஸ் கணினியென்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ் அல்லது மேக் என்றால் எஃப்3, இரண்டும் இலவசம். கார்டின் கடைசி மூலை வரை தரவை எழுதி, பின் அதையே படித்து ஒப்பிட்டு, உண்மையில் எத்தனை ஜிபி இருக்கிறது என்று சொல்லிவிடும். யுஎஸ்பி 3 ரீடரில் 128 ஜிபிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரமாகும், பழைய யுஎஸ்பி 2 ரீடரில் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். பொருளைத் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள். இணையச் சந்தைகளில் வாங்கினால் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்க்காமல் விற்பவர் யார் என்பதையும் பாருங்கள்; பில்லோடு உள்ளூர்க் கேமராக் கடையில் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து வாங்குவதே எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

கொள்ளளவைப் பொறுத்தவரை, உச்சத் தரத்தில் 4கே காணொளி ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 45 ஜிபி பிடிக்கும். இசட்வி-இ10 இல் கார்டுத் துளை ஒன்றுதான். ஒரே நேரத்தில் இரண்டு கார்டுகளில் எழுதும் வசதி கிடையாது. ஆகவே ஒரே பெரிய கார்டைவிட 128 ஜிபி, வி30 கார்டுகள் இரண்டு வாங்குவது மேல். நான் தாலி கட்டி முடிந்தவுடன் கார்டை மாற்றிவிடுவேன். ஒன்று கெட்டாலும் மற்றது மிஞ்சும்.

பழைய கருவிகள் வீட்டில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் 2009 இல் அறிவிக்கப்பட்ட எஸ்டிஎக்ஸ்சி வகை. அதற்கு முந்தைய எஸ்டிஎச்சி வரை மட்டுமே அறிந்த கேமராக்களும் மடிக்கணினிகளும் இவற்றைப் படிக்காமல் போகலாம். அளவும் வடிவமும் ஒன்றாக இருப்பதால் துளைக்குள் தாராளமாக நுழையும். அப்போது கணினி, ‘ஃபார்மேட் செய்யட்டுமா?’ என்று, அதாவது உள்ளதையெல்லாம் அழித்துப் புதிதாக்கட்டுமா என்று கேட்கும். படங்கள் உள்ள கார்டென்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள்.

ஃபார்மேட்டை எப்போதும் கேமராவிலேயே செய்யுங்கள். சோனி கேமராக்கள் படங்களுக்கென்று தனியாக ஒரு தரவுத்தளத்தைக் கார்டில் வைத்துக்கொள்கின்றன. கணினியில் வைத்து ஃபோல்டர்களை அழித்து விளையாடினால், அடுத்த முறை கேமரா அந்தத் தரவுத்தளத்தைச் சரிசெய்யட்டுமா என்று கேட்டு நேரத்தைத் தின்னும். உங்கள் கேமராவில் கார்டு இருப்பது அடிப்பக்கம், பேட்டரிக் கதவுக்குள்ளேயே. பேட்டரி மாற்றும் அவசரத்தில், எழுதிக்கொண்டிருக்கும் விளக்கு அணைவதற்கு முன்பே கதவைத் திறந்துவிடுவது எளிது. என் உதவியாளர் இருமுறை செய்திருக்கிறார்.

டேஷ்கேம் கதை வேறு. அதில் போவது மைக்ரோஎஸ்டி. அடாப்டரில் வைத்தால் உங்கள் கேமராவிலும் ஓடும், ஆனால் தளர்ந்துபோகக்கூடிய தொடுமுனைகள் இன்னொரு ஜோடி கூடும். அதைவிட முக்கியம், டேஷ்கேம் வண்டி ஓடும் நேரமெல்லாம் பழையதை அழித்து அழித்துப் புதியதை எழுதுகிறது. சேமிப்புச் சில்லின் ஒவ்வொரு அறையையும் குறிப்பிட்ட தடவைதான் அழித்தெழுத முடியும். நாம் படமெடுத்து ஆண்டுக்கணக்கில் செலவழிக்கும் அந்தக் கணக்கை அது சில மாதங்களில் தீர்த்துவிடக்கூடும். சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய காரின் கண்ணாடியில் அது படும் சூடு தனி. தொடர்பதிவுக்கென்றே ‘ஹை எண்டியூரன்ஸ்’ என்ற பெயரில் விற்கும் கார்டை வாங்குங்கள்; அப்படிப்பட்ட பயன்பாட்டில் சாதாரணக் கார்டு பழுதானால் உத்தரவாதம் செல்லாது என்று சில நிறுவனங்கள் விதியிலேயே எழுதியிருக்கின்றன. வாங்கும் முன் டேஷ்கேமின் கையேட்டில் அது அதிகபட்சம் எத்தனை ஜிபி ஏற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 32 ஜிபியோடு நின்றுவிடும் பழைய டேஷ்கேம்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.