கொட்டானும் தேக்குத் தூணும்

அன்புள்ள ஐயா,

செட்டிநாட்டில் கொட்டான் என்னும் பனையோலைப் பெட்டி முடையும் கலையை மீட்டெடுத்த விசாலாட்சி ராமசாமியைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். மகிழ்ச்சியாக இருந்தது, கூடவே ஓர் ஆற்றாமையும் எழுந்தது. காரைக்குடிக்கு அருகில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டுக்கு இன்று முப்பத்தொரு பங்குதாரர்கள். முன்னோர் வழிபாடான படைப்புக்கு மட்டும்தான் கூடுகிறோம். சென்ற முறை, வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டிலுள்ள தேக்குத் தூண்களை மட்டுமாவது விற்றுவிடலாம் என்று பேச்சு வந்தது. ஊரே பூட்டிக் கிடக்கும்போது ஓலைப்பெட்டி முடைந்து என்ன ஆகப்போகிறது? வீடுகளைப் புதுப்பிக்கிறவர்களும் கடைசியில் விடுதிதானே நடத்துகிறார்கள்? ஒரு வடிவமைப்பாளரும் ஒரு வரலாற்றாய்வாளரும் நினைத்தால் ஓர் ஊருக்கு உயிர் வந்துவிடுமா?

மீ., திருச்சி

*

அன்புள்ள மீ.,

தூண்களை விற்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடிகிறது. தூண் போனால் தாழ்வாரக் கூரை இறங்கும். கூரை இறங்கினால் மழை சுவருக்குள் புகும். அதன் பிறகு "வீடு பழுதாகிவிட்டது, இடிப்பதைத் தவிர வழியில்லை" என்று சொல்ல எல்லோருக்கும் வாய் வந்துவிடும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடை ஒன்றில் கஜலட்சுமி செதுக்கிய ஒரு வாசல் நிலையைப் பார்த்தேன். பின்பக்கம் திரும்பிப் பார்த்தால், சுவரிலிருந்து பெயர்த்த சுண்ணாம்பு இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். வீட்டுக்காரர்கள் கூடிப் பேசி விலை வைத்த பிறகுதான் அந்த நிலை அங்கே வந்து சேர்ந்தது.

ஊர் ஏன் பூட்டிக் கிடக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். அந்த வீடுகளைக் கட்டிய பணம் அந்த மண்ணில் விளைந்ததில்லை. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் கொண்டுவிற்க, அதாவது வட்டிக்கடையும் வணிகமும் நடத்தப் போன நகரத்தார் ஈட்டியது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள், மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை, பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல் எல்லாம் அந்த வருமானத்தில் வந்தவை. 1930களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் அது ஆட்டம் கண்டது. 1942இல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது பலர் போட்டது போட்டபடி கிளம்பினார்கள். பர்மா விடுதலை பெற்ற பிறகு நிலங்களும் அரசுடைமையாயின. செட்டிநாட்டுக்கு 96 ஊர்கள் என்பது பழைய கணக்கு. இன்று எழுபத்துச் சொச்சம்தான். இந்த ஊர்கள் தம் சொந்த உழைப்பில் பிழைக்கவேண்டிய தேவை அதற்கு முன் வந்ததே இல்லை. இப்போதுதான் வந்திருக்கிறது.

கொட்டானை நான் பெரிதாக நினைப்பது இதனால்தான். குருத்தோலையை வெயிலில் காயவைத்து, நரம்பை நீக்கி, சீராகக் கீறிச் சாயமேற்றி, ஈரம் காயும் முன் முடைய வேண்டும். ஆச்சிமார்கள், அதாவது நகரத்தார் வீட்டுப் பெண்கள், இதை ஓய்வு நேரத்தில் வீட்டுக்குள்ளேயே செய்தார்கள். சீர் வைக்கவும் முறை கொடுக்கவும் வேண்டிய பெட்டிகள் அவை, விலைக்குப் போகும் சரக்கு அல்ல. சிலவற்றுக்கு மணி கோத்துப் பின்னிய நூல் விளிம்பும் உண்டு. பிளாஸ்டிக் வந்தது, ஆச்சிமார்கள் பிள்ளைகளோடு சென்னைக்குப் போனார்கள், கைப்பழக்கம் விட்டுப்போனது. விசாலாட்சி ராமசாமி, வரலாற்றெழுத்தாளர் எஸ்.முத்தையாவோடும் மீனாட்சி மெய்யப்பனோடும் சேர்ந்து செட்டிநாட்டு மரபைப் பற்றி 2000இல் ஒரு பெரிய ஆங்கில நூலைக் கொண்டுவந்தவர். ஒரு வீட்டில் என்னென்ன இருந்தன, எதற்கு இருந்தன என்று தேடித் தேடிப் பார்த்த கண் அவருடையது. அந்தக் கண்தான் மூலையில் கிடந்த கொட்டானையும் கண்டது. பழைய பின்னலை அறிந்துகொண்டு, தம் அறக்கட்டளையின் வழியாகச் சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்கு அதைக் கற்றுக்கொடுக்க வழிசெய்தார். இன்று முடைகிறவர்கள் ஆச்சிமார்கள் அல்லர். ஓலை பிடித்தே பழகியிராத கைகள் அதில் கூலி ஈட்டுகின்றன. பின்னல் மாறவில்லை, அளவும் பயனும் மாறின. பழையது எப்படி இருந்தது என்று கேட்பது வரலாற்றாய்வு. இன்று இதை யார், எதற்காக வாங்குவார்கள் என்று கேட்பது வடிவமைப்பு. இரண்டு கேள்வியையும் ஒருவரே கேட்டதால் நடந்த காரியம் இது.

விடுதிகளுக்கு வருகிறேன். உங்கள் கசப்பு எனக்குப் புரிகிறது. நம் பாட்டி படுத்த அறையில் யாரோ வாடகை கொடுத்துத் தங்குவதை ஏற்பது எளிதல்ல. ஆனால் கொத்தமங்கலத்தில் 1910 வாக்கில் எழுந்த சாரதா விலாஸ் என்ற வீட்டை பெர்னார்ட் டிராகன், மிஷல் அட்மான் என்ற இரு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் மீட்டெடுத்து விடுதியாக்கினார்கள். வீட்டோடு நில்லாமல் ஊர்களின் அமைப்பையும் ஊருணிகளுக்கு நீர் வந்து சேரும் வழிகளையும் ஆராய்ந்தார்கள். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் உலக மரபுச் சின்னங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. அந்தப் பட்டியல் உங்கள் தூணைச் சட்டப்படி காப்பாற்றாது, அதையும் சொல்லிவிடுகிறேன். என்றாலும் பூட்டிய வீட்டைவிட விளக்கெரியும் வீடு மேல். புதுப்பிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் வேண்டும், ஆத்தங்குடித் தரைக்கல் வேண்டும். ஆத்தங்குடியில் அந்தக் கல் வார்ப்பதை நின்று பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமெண்ட் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றி, அச்சை ஒரே தூக்கில் எடுக்கிறார்கள். கை நடுங்கினால் பூ கலைந்துவிடும். மேலே மணலும் சிமெண்ட்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள். சூளை கிடையாது. கண்ணாடியை உரித்தால் அதன் வழவழப்பு கல்லில் ஏறியிருக்கும். நடக்க நடக்க இன்னும் பளபளக்கும். இந்தக் கைகளுக்கு வேலை இருக்கும்வரைதான் உங்கள் வீட்டைப் பழுதுபார்க்க ஆள் கிடைப்பார்கள்.

முப்பத்தொரு பேரும் ஒரே நாளில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். வரும் படைப்புக்கு ஒரு நாள் முன்னதாகவே போங்கள். கூரைமேல் ஆளை ஏற்றி, உடைந்த நாட்டு ஓடுகளை மாற்றி, தூம்பில் அடைத்திருக்கும் சருகை வாரச் சொல்லுங்கள். சுவரில் முளைத்த அரசங்கன்று விரல் தடிமனாக இருக்கும்போதே வேரோடு எடுத்துவிட வேண்டும். கூலியைப் பங்குபோட்டால் தலைக்கு ஒரு பட்டுச்சேலையின் விளிம்பு விலைகூட வராது. அறை அறையாகப் படம் எடுத்து, எந்தப் புள்ளிக்கு (மணமானவரின் குடும்பத்துக்கு) எந்த அறை, எந்தப் பெட்டகத்தில் என்ன சாமான் என்று வயதான பெரியம்மாக்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கொட்டான் ஏதாவது அகப்பட்டால் துடைத்து, நிழலில் வைத்துவிட்டு, அதன் அடிப்பின்னலைத் தெளிவாகப் படம்பிடித்து எனக்கு அனுப்புங்கள்.