ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன்களுக்குச் சங்கம் எதற்கு? சந்தா கட்டுவதில் பயன் உண்டா?

கேள்வி இது: "டிப்ளமோ முடித்துவிட்டு ராமநாதபுரம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் ஓ.டி. டெக்னீஷியனாக இருக்கிறேன். சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள். சந்தா கட்டுவதைத் தவிர அதில் வேறு என்ன இருக்கிறது?"

சேருங்கள் தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

நீங்கள் விவரமாக எழுதவில்லை, ஆனாலும் உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். பெரிய தியேட்டர் ஒன்று, சின்ன தியேட்டர் ஒன்று, டெக்னீஷியன் என்று நீங்கள் ஒரே ஆள். சர்ஜன் மதுரையிலிருந்து வருவார், கேஸ் முடிந்ததும் கிளம்பிவிடுவார். ட்ராலியில் கருவிகளை அடுக்கி வைப்பது (ட்ராலி போடுவது என்போம்), நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் கருவிகளை ஏற்றுவது, மயக்க மருத்துவருக்கு டியூப் எடுத்துக் கொடுப்பது, ரத்தம் ஒற்றும் துணிகளான மாப்களை எண்ணுவது, சிலிண்டர் மாற்றுவது, கடைசியில் கழுவி அடுக்குவது எல்லாம் உங்கள் தலையில். சந்தேகம் வந்தால் கேட்பதற்குப் பக்கத்தில் நம் வேலை தெரிந்தவர் யாரும் இல்லை. சர்ஜனுக்கு அறுவை தெரியும். ஆட்டோகிளேவ் கேஸ்கெட் ஏன் கசிகிறது என்று அவரிடம் போய்க் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. தேவிபட்டினத்தில் பிறந்து, இந்தக் கடலோரத்திலேயே இந்த வேலையைப் பார்த்து வருகிறவள் நான். இந்தத் தனிமைதான் நம் தொழிலில் பெரிய ஆபத்து என்று உறுதியாகச் சொல்வேன்.

இதைப் படித்ததும் சிலர் வருவார்கள் என்று தெரியும். சங்கம் என்றால் மாலை போடுவதும் போட்டோ எடுப்பதும்தானே என்பார்கள். அப்படிப்பட்ட சங்கங்கள் இருக்கலாம், அவற்றுக்காக நான் பேச வரவில்லை. இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நர்ஸ் அக்காமார்களையோ டாக்டர்களையோ குறைத்து இதில் எதுவும் எழுதவில்லை. ட்ராலி போட எனக்குக் கற்றுக்கொடுத்ததே ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அக்காதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்த்த இடத்தில் ரத்தக்குழாயைப் பிடிக்கும் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ், தையல் ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டர் எல்லாவற்றிலும் பழுப்புப் புள்ளி விழ ஆரம்பித்தது. முக்கியமாக, இரண்டு தகடும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டியிருக்கிற ஜாயின்ட்டில். புதிதாக வாங்கிய செட், நல்ல கம்பெனி. கொஞ்ச நாளில் அதுவும் அப்படியே ஆனது. நிர்வாகத்தில் கூப்பிட்டு, "ஒழுங்காகக் கழுவுவதில்லை, இனி வீணாகும் ஒவ்வொரு கருவிக்கும் உன் சம்பளத்தில் பிடிப்போம்" என்றார்கள். பிரஷ் போட்டுத் தேய்த்து, பல்லுப்பல்லாகத் திறந்து கழுவுகிறவள் நான். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. கோபம்தான். சம்பளம் போவதைவிட, வேலையில் சுத்தம் இல்லை என்று சொல்லிவிட்டார்களே என்று.

அந்த மாதம் எங்கள் மாவட்டக் கூட்டம், ராமநாதபுரத்தில் ஒரு மண்டபத்தின் மாடியில். புள்ளி விழுந்த ஒரு ஆர்ட்டரியைத் துணியில் சுற்றி எடுத்துப் போனேன். தூத்துக்குடியிலிருந்து ஒரு அண்ணன் வந்திருந்தார். பெரிய மருத்துவமனையில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யும் பிரிவிலேயே காலம் முழுக்க இருந்தவர். கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் குழந்தையோடு வந்திருந்தவரிடம் ஒரு பென்சில் ரப்பர் கேட்டு வாங்கினார். புள்ளியின் மேல் ரப்பரை வைத்து அழுத்தித் தேய்த்தார். சில புள்ளிகள் அழிந்து, அடியில் ஸ்டீல் வழவழவென்று இருந்தது. சிலவற்றில் நிறம் போன பிறகும் ஊசி முனை அளவுக்கு ஒரு குழி தெரிந்தது. "அழிஞ்சுட்டா கறைம்மா. குழி இருந்தா அரிப்பு. உனக்கு ரெண்டும் இருக்கு. உங்க ஆஸ்பத்திரியில போர் தண்ணிதானே?" என்றார்.

போர் தண்ணீர்தான். நம் கடலோரத்தில் போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான் வரும், உங்களுக்கே தெரியும். ஆனால் சாஃப்டனர் மாட்டியிருக்கிறோமே என்றேன். அப்போது அவர் விளக்கியதுதான் எனக்கு எந்த வகுப்பிலும் யாரும் சொல்லாதது. சாஃப்டனர் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தை விடும். சோப்பு நுரைக்கும், குழாயில் சுண்ணாம்பு படியாது. ஆனால் தண்ணீரில் இருக்கும் குளோரைடு அப்படியே இருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் காப்பாற்றுவது அதன் மேல் இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம். குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே ஊசி குத்திய மாதிரி உடைக்கும். ஜாயின்ட்டில் தண்ணீர் தேங்கி நிற்பதால் முதலில் அங்கே. அதை அப்படியே 121 டிகிரியில் ஆட்டோகிளேவில் வைத்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். கேஸ் நடக்கும்போது கருவியை நார்மல் சலைனில் ஊறப்போடுவதும் இதே கெடுதல்தான், அதுவும் உப்புத்தண்ணீர்தானே. பிளீச்சிங் கரைசலில் வெகுநேரம் கிடந்தாலும் இதே கதி.

செய்ய வேண்டியதையும் அவரே சொன்னார். கடைசி அலசல் மட்டும் ஆர்.ஓ. அல்லது டிஸ்டில்டு வாட்டரில். ஜாயின்ட்டைத் திறந்து வைத்து முழுக்க உலர்த்திவிட்டுத்தான் பேக் செய்ய வேண்டும். ஆட்டோகிளேவுக்குள் ஊற்றும் தண்ணீரும் அதேதான். கேஸின் நடுவில் துடைக்க ஸ்டெரைல் வாட்டர், சலைன் வேண்டாம். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். மறுநாள் அந்தத் தாளையும் ரப்பரையும் எடுத்துக்கொண்டு எங்கள் சர்ஜன் முன்னால் நின்று, அதே மாதிரி தேய்த்துக் காட்டினேன். அவர் நிர்வாகத்திடம் ஒரே வரி பேசினார். சிங்குக்கு ஆர்.ஓ. லைன் வந்தது. சம்பளப் பிடித்தம் என்ற பேச்சு அதன் பிறகு எழவில்லை. நான் தனியாகப் போய், "தண்ணீர்தான் காரணம்" என்று சொல்லியிருந்தால் சாக்குச் சொல்கிறாள் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இதற்குச் சங்கம் எதற்கு, யூடியூபில் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். பார்க்கலாம். ஆனால் அந்த வீடியோக்காரருக்கு நம் ஊர்த் தண்ணீர் தெரியாது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விசைப்படகு விஞ்சில் கை சிக்கியவரைப் பாம்பனிலிருந்து தூக்கிக்கொண்டு வரும்போது, எந்த ஆஸ்பத்திரியில் சி-ஆர்ம் (தியேட்டருக்குள்ளேயே எக்ஸ்ரே காட்டும் மெஷின்) ஓடுகிறது, யாரிடம் உடைந்த எலும்பைப் பிடித்து நிறுத்தும் கே-ஒயர் கம்பி சின்ன சைஸில் ஸ்டெரைல் செய்து ரெடியாக இருக்கிறது என்று அவரால் சொல்ல முடியாது. சங்கத்து ஆட்களிடம் போன் அடித்தால் தெரிந்துவிடும். எங்கள் குரூப்பில் இப்படிக் கேட்டு, எதிர் மருத்துவமனைத் தம்பி பைக்கில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அந்த மீனவருக்கு விரல் மிஞ்சியது.

இனி சட்டம். உங்கள் வயதில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். நர்ஸ்களுக்கும் பார்மசிஸ்ட்களுக்கும் கவுன்சில் இருக்கிறது, பதிவு எண் இருக்கிறது. நமக்கு வெகுகாலம் நாடு முழுவதற்கும் அப்படி எதுவும் இல்லை. 2021இல்தான் துணைநிலை மருத்துவப் பணியாளர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் வந்தது. பத்துப் பிரிவுகள். அதில் விபத்து, தீக்காயம், அறுவை, மயக்கவியல் சார்ந்த தொழில்நுட்பம் என்று ஒரு பிரிவு. தியேட்டர் டெக்னாலஜிஸ்டுகளான நாம் அதற்குள் வருகிறோம். துணைநிலை நிபுணர் என்று சொல்லிக்கொள்ள, குறைந்தது இரண்டு ஆண்டுகளில் பரவிய 2000 மணி நேரத்துக்குக் குறையாத டிப்ளமோ அல்லது பட்டம் வேண்டும் என்கிறது சட்டம். மாநிலத்துக்கு மாநிலம் கவுன்சில், பதிவேடு என்று அதிலேயே இருக்கிறது.

இதில் மாட்டிக்கொள்ளப் போவது யார் தெரியுமா? ஒரு வருடச் சான்றிதழ் படித்துவிட்டு இருபது வருடமாக ஆயிரக்கணக்கான கேஸுக்கு ட்ராலி போட்டவர்கள். எந்தப் படிப்பும் இல்லாமல் ஆயாவாகச் சேர்ந்து, கைப்பழக்கத்திலேயே கற்றுக்கொண்ட அக்காக்கள். அவர்களுக்காக யார் மனு எழுதுவது? மருத்துவமனை எழுதாது. தனி ஆள் எழுதினால் கோப்புக்கே போகாது. எந்தக் கல்லூரி, எத்தனை மணி நேரம் பாடம், எத்தனை மணி நேரம் தியேட்டர், எந்த வருடத்திலிருந்து வேலை என்று எங்கள் சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபைல் போட்டு வைத்திருக்கிறோம். அந்த வேலையை நான் பார்க்கிறேன், பெருமையாகவே சொல்கிறேன். அதற்காக, படித்தவர்களுக்கு மதிப்புக் குறைய வேண்டும் என்று சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். மூன்று வருடம் படித்து, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப் செய்து பி.எஸ்ஸி. வாங்கியவர்களுக்கு உரிய இடம் வேண்டும் என்றும் நாங்கள்தான் பேசுகிறோம்.

வளைகுடா போகும் எண்ணம் உண்டா? கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி பக்கம் அந்த எண்ணம் இல்லாத வீடு எது? சவூதிக்குப் போவதென்றால் டேட்டாஃப்ளோ சரிபார்ப்பு உண்டு. கல்லூரிக்கும் பழைய மருத்துவமனைக்கும் நேராகவே எழுதிக் கேட்பார்கள். நீங்கள் வேலை பார்த்த நர்சிங் ஹோம் மூடிப்போயிருந்தால், பதில் எழுத ஆள் இல்லாவிட்டால், உங்கள் அனுபவம் காற்றோடு போகும். வேலையை விடும்போதே அனுபவச் சான்றிதழை என்ன வாசகத்தில் வாங்க வேண்டும், எந்தத் தேதிகள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று முன்னால் போனவர்கள் சொல்லித்தருவார்கள். அந்த அண்ணன்மார்கள் ரியாத்திலிருந்தும் ஜித்தாவிலிருந்தும் இன்னும் சந்தா அனுப்புகிறார்கள்.

அமெரிக்காவில் அறுவைத் தொழில்நுட்பர்களுக்கென்றே 1969இல் தொடங்கிய சங்கம் இருக்கிறது. சான்றிதழ் கொடுப்பது அந்தச் சங்கம் இல்லை, தனி வாரியம். இரண்டு வருடத்துக்கு 30 தொடர்கல்வி மதிப்பெண் காட்டினால் சான்றிதழ் புதுப்பிக்கப்படும். அந்த மதிப்பெண்ணுக்கான பாடங்களையும் மாநாடுகளையும் சங்கம் நடத்துகிறது. அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. நம்மைக் கட்டாயப்படுத்த யாரும் இல்லாதபோது நாமே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியல், 19 அம்சங்கள், உங்கள் தியேட்டர் சுவரில் ஒட்டியிருக்கிறதா? எங்கள் கூட்டத்தில் அதைத் தமிழில் வாசித்து, வரி வரியாகப் பேசினோம். வெட்டுப் போடும் முன் ஒரு நிமிடம் எல்லோரும் நிற்க வேண்டும் என்று சர்ஜனிடம் சொல்ல எனக்குத் தைரியம் வந்தது அதன் பிறகுதான்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். எங்கள் மாவட்டத்துக்கு மாற்றல் என்றாலே தண்டனை என்று பேசுகிற வழக்கம் இன்னும் போகவில்லை. "தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடிச்சிருவேன்" என்று எத்தனை சினிமாவில் கேட்டிருப்பீர்கள். அந்தக் காட்டில்தான் நாங்கள் பிறந்து வளர்ந்து வேலை பார்க்கிறோம். வருகிறவர்கள் வந்த நாளிலிருந்தே திரும்பிப் போக விண்ணப்பம் எழுதினால், ஒரு சர்ஜனுடைய கை பழகுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுகிறார். 2022 ஜனவரியில் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். மதுரை எய்ம்ஸின் முதல் மாணவர்களே இங்கேதான் படித்தார்கள். அந்தப் பிள்ளைகள் இந்த ஊரைப் பார்த்துவிட்டாவது வேறு மாதிரி பேசுவார்கள் என்று நம்புகிறேன்.

சேர்வதற்கு முன் பார்க்க வேண்டியவை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில், அதாவது 1975ஆம் ஆண்டுச் சட்டத்தில், பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வருடாந்திரப் பொதுக்குழுவில் வரவுசெலவு வாசிக்கிறார்களா என்று பாருங்கள். அசல் சான்றிதழை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நகல் போதும். சம்பளப் பேச்சுவார்த்தையை எதிர்பார்த்துச் சேர்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும், அது தொழிற்சங்கத்தின் வேலை. இது வேறு.

கூட்டத்துக்கு லீவு தரமாட்டார்கள் என்று கவலைப்பட்டால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் கேட்காதீர்கள். மீனவர்கள் தள்ளிப்போட்ட குடலிறக்கம், மூலம் எல்லாம் அப்போதுதான் வரும், தியேட்டர் நிரம்பியிருக்கும். நாங்களும் அந்த 61 நாளில் கூட்டம் வைப்பதில்லை. மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைதான். பக்கத்து ஊர் டெக்னீஷியனோடு டூட்டியை மாற்றிக்கொள்ளலாம், அந்த ஆளையும் கூட்டத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். வரும்போது உங்கள் தியேட்டரில் தொந்தரவு கொடுக்கும் கருவி ஏதாவது இருந்தால் கழுவிக் கையோடு எடுத்து வாருங்கள்.