அப்பாவுக்கு டிவிடி பிளேயர்: ரொறன்ரோவில் வாங்க வேண்டாம்

கொக்குவிலில் இருக்கும் அப்பா பழைய கலியாண வீடியோ சீடிகளைப் பார்க்க, ரொறன்ரோவிலிருந்து ஒரு பிளேயர் கொண்டுபோகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், யாழ்ப்பாண நகரிலேயே வாங்குங்கள். கனடாவில் மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. எங்கள் வீட்டுக்கு மாமா கொண்டுவந்த பிளேயர் பிளக்கில் செருகியவுடனேயே புகைந்துவிட்டது. அப்புறம், டிவிடி தட்டுகளுக்கும் பிளேயர்களுக்கும் நாட்டுக்கு நாடு ரீஜன் என்று ஒரு பிரிவு எண் உண்டு. அங்கே விற்பது பெரும்பாலும் ரீஜன் 1, இலங்கைக்கு 5. கடைகளில் விற்கும் படத் தட்டுகளுக்கு அது இடைஞ்சல்.

வாங்கும்போது அப்பாவின் சீடி ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுப் பாருங்கள். அந்தக் காலத்துக் கலியாண வீடியோக்கள் பல விசிடி, அதாவது சீடியில் பதிந்த வீடியோ. புளூரே பிளேயர்கள் பல அதை வாசிக்காது. டிவியின் பின்புறத்தையும் போன் கமராவில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள் இருந்தால் சாதாரண டிவிடி பிளேயரே போதும். எச்டிஎம்ஐ (படமும் ஒலியும் ஒரே வயரில் போகும் ஓட்டை) மட்டும் என்றால் அது உள்ளதாக எடுங்கள்.

ரிமோட்டைக் கையில் வைத்துப் பாருங்கள். என் அம்மாவுக்குச் சின்னப் பொத்தான்களால்தான் பெரிய கஷ்டம். யூஎஸ்பி உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் ஊரில் நிற்கும்போதே சீடிகளை ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுங்கள். எங்கள் புழுக்கத்தில் தட்டுகள் நெடுநாள் தாங்காது.