சென்டருக்குப் பந்து தட்டக் கற்றுத்தரலாமா?

கேள்வி: பஸ்ஸர்பீட்டர் என்ற இணையக் கூடைப்பந்து மேலாளர் விளையாட்டில் 18 வயது சென்டர் (கூடைக்கு அருகில் ஆடும் நெட்டையன்) ஒருவன் கிடைத்தான். உயரம் 213 செ.மீ. ரீபவுண்டு (குறி தவறிய பந்தைப் பிடிப்பது) பிரமாதம், ஆனால் பந்து கையில் நிற்காது. அதைப் பழக்கலாம் என்று, பந்தைத் தட்டிக்கொண்டு ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு இடத்தில் இறக்கினேன். வரிசையாக நான்கு லீக் தோல்வி. நிறுத்திவிடவா?

பதில்: பயிற்சியை நிறுத்த வேண்டாம், லீக்கில் இறக்குவதை நிறுத்துங்கள். இந்த விளையாட்டில் அணிக்கு வாரத்துக்கு ஒரே ஒரு பயிற்சிதான். எந்த இடத்துக்கு அதைத் தேர்வு செய்கிறோமோ, அந்த இடத்தில் ஆடிய நிமிடங்கள்தான் கணக்கு. 48 நிமிடம் சேர்ந்தால் முழுப் பலன். உங்கள் பையன் பிறவி சென்டரா, கார்டா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டே இல்லை. அதனால் லீக் ஆட்டங்களில் நிஜ கார்டுகள் இரண்டு பேர் பாயிண்ட் கார்டாக ஆடட்டும், ஆளுக்கு ஓர் ஆட்டம். நட்பு ஆட்டத்தில் உங்கள் நெட்டையனை அதே இடத்தில் விடுங்கள். அங்கே 40 புள்ளியில் தோற்றாலும் லீக் அட்டவணைக்குத் தெரியாது.

நானும் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் சீசனில் என் நெட்டையன் ஃபவுல்களைச் சேர்த்துக்கொண்டு பாதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். 48-க்குப் பதில் 31 நிமிடம். பயிற்சி அறிக்கையைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை (வீட்டில் காரணம் சொல்லவில்லை, சொன்னால் மானம் போகும்). அதிலிருந்து மாற்று ஆட்டக்காரர் கட்டத்திலும் அவன் பெயரையே போட்டுவிடுகிறேன்.

ஒன்று, நெட்டையர்களுக்குப் பந்துக் கட்டுப்பாடும் பாஸும் ஆமை வேகத்தில்தான் ஏறும். குட்டையர்களுக்கு ரீபவுண்டு அப்படி. வயது கூடக்கூட எல்லாமே மெதுவாகும். ஆகவே வராததை 18-இலேயே ஆரம்பித்துவிடுங்கள். ரீபவுண்டு எங்கேயும் ஓடிப்போகாது, 22-இலும் சொல்லிக்கொடுக்கலாம். சிரிக்கிறவர்களிடம் மேஜிக் ஜான்சனைச் சொல்லுங்கள். 206 செ.மீ. உயரத்தில் பாயிண்ட் கார்டு. 1980 என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில், அவர் அணியின் சென்டர் கரீம் அப்துல் ஜப்பார் காயத்தால் வராதபோது, சென்டராகத் தொடங்கி 42 புள்ளி எடுத்தார். அப்போது வயது 20.

கேள்வி: ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்குப் பயிற்சி வைத்தால் ஆறு பேர் வளர்வார்களே. ஏன் எல்லோரும் ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்?

பதில்: ஆறு பேர் வளர்வார்கள், ஆளுக்குக் கொஞ்சமாக. ஒரே இடம் என்றால் வாரத்தின் மூன்று ஆட்டத்துக்கு 144 நிமிடம், சரியாக மூன்று பேர். அந்த மூவரும் வளரும் வேகம் அதிகம். விற்பதற்காக வளர்ப்பவருக்கு அதுதான் லாபம். எனக்கு ஆறு பேரும் ஒன்றாக முன்னேறுவதைப் பார்க்கப் பிடிக்கும், அதனாலேயே என் கஜானா எப்போதும் காலி. நீங்கள் என்னைப் பின்பற்ற வேண்டாம்.

கேள்வி: மூன்று சீசன் உள்ளே ஷாட், உள்ளே தடுப்பு (கூடைக்கு அருகில் எறிவதும் தடுப்பதும்) என்று ஒரு சென்டரைச் செதுக்கினேன். இப்போது அவன் சம்பளத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. என்ன செய்ய?

பதில்: திறன் ஏறினால் சம்பளமும் ஏறும். சென்டர்களுக்கு ரொம்பவே ஏறும். சீசன் தொடக்கத்தில் புதுச் சம்பளம் கணக்கிடப்படும் முன்பே அவனை விற்றிருக்க வேண்டும். இப்போது இரண்டு வழி. பிளேஆஃப் வரை வைத்துக்கொண்டு கோப்பைக்கு முயலலாம், இல்லை இந்த வாரமே ஏலத்தில் போடலாம். நான் போட்டிருப்பேன். அப்புறம் ராத்திரி முழுக்க ஏலப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன், அது வேறு விஷயம்.