கல்லாவில் விழும் காசில் என்ன தேடலாம்? செங்கோட்டை அண்ணாச்சி பதில்கள்

செங்கோட்டையில் கடை வைத்திருக்கிறேன். கிழக்கே போனால் தென்காசி, மேற்கே புளியரை தாண்டினால் ஆரியங்காவு, அதாவது கேரளம். இரண்டு மாநிலச் சில்லறையும் என் கல்லாவில் வந்து விழும், ராத்திரி கடை அடைத்ததும் அதைக் கொட்டிப் பார்த்துப் பிரிப்பது பல வருஷப் பழக்கம். காசு, நோட்டு பற்றி எது கேட்டாலும் தெரிந்ததைச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டு மற்றதுக்கெல்லாம் இங்கே பதில்.

தென்காசி, கல்லூரி மாணவர்: அண்ணாச்சி, இப்போதுதான் ஆரம்பிக்கிறேன். கையில் கிடைக்கிற காசில் முதலில் எதைப் பார்க்கணும்?

வருஷத்துக்குக் கீழே பாருங்க தம்பி. அங்கே ஒரு சின்னக் குறி இருக்கும், காசு எந்த ஊர் நாணயச் சாலையில் அடித்தது என்பதை அதுதான் சொல்லும். டைமண்ட் இருந்தால் மும்பை, ஐந்து முனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப் புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. ஒரே வருஷத்து 2 ரூபாயே இப்படி நாலு விதமாகக் கிடைக்கலாம், எல்லா வருஷத்திலும் நாலு சாலையும் எல்லாக் காசையும் அடிக்கவில்லை என்பதால்தான் தேடுவதில் சுவாரசியம்.

ஒரு தொல்லை உண்டு. மும்பை டைமண்ட் தேய்ந்துபோனால் நாலு முனையும் மழுங்கி நொய்டா புள்ளி மாதிரியே தெரியும். காசை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, பத்து மடங்கு லென்ஸில் பாருங்க. உண்மையான புள்ளி மேலே குமிழ் மாதிரி உருண்டு நிற்கும், தேய்ந்த டைமண்டுக்கு ஓரத்தில் எங்கேயாவது ஒரு கோணம் மிச்சம் இருக்கும். இந்த ஒன்று கண்ணுக்குப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நம்ம ஊருக்கு ஒரு வசதியும் இருக்கு. கார்த்திகை பிறந்ததும் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா சாமிமார் நிறையப் பேர் இந்த வழியாகச் சபரிமலைக்குப் போகிறார்கள். அந்த இரண்டு மாசம் கல்லாவில் நட்சத்திரக் காசு கூடுதலாக விழும். குற்றால சீசனில் எல்லா ஊர்க் காசும் வரும்.

புளியரை, பெட்டிக்கடை: வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய், 10 ரூபாய் காசு லட்சக்கணக்கில் போகுதுன்னு வீடியோ வருது. என்கிட்ட நாலு இருக்கு. யாரிடம் கொடுக்கணும்?

யாரிடமும் கொடுக்க வேண்டாம், வைத்துக்கொள்ளுங்க. அது 2012இல் வந்த நினைவு நாணயம், புழக்கத்துக்கென்றே அடித்தது, நல்ல நிலையில் இருந்தால் முகமதிப்புக்கு மேலே கொஞ்சம் கிடைக்கும், அவ்வளவுதான். லட்சம் என்கிற பேச்செல்லாம் ஏமாற்று. எப்படி நடக்குதுன்னும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம்ம பக்கத்திலேயே ஆட்கள் பணம் விட்டிருக்கிறார்கள். முதலில் காசின் போட்டோ கேட்பார்கள், உடனே பெரிய விலை சொல்வார்கள், அடுத்து பதிவுக் கட்டணம், அப்புறம் ஜிஎஸ்டி, அப்புறம் ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக உங்களிடமிருந்தே வாங்குவார்கள். பழைய காசு, நோட்டு வாங்க விற்க நாங்கள் எந்தக் கட்டணமும் வாங்குவதில்லை, யாருக்கும் அப்படி அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிவித்தது. காசு வாங்க வருகிறவன் உங்களுக்குத்தான் பணம் தரணும். உங்களிடம் பணம் கேட்டால் அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்க.

புனலூர், லாரி ஓட்டுநர்: 10 ரூபாய் காசு கேரளத்தில் எங்கேயும் வாங்குகிறார்கள். தமிழ்நாட்டுக்குள் வந்தால் சில கடையில் செல்லாது என்கிறார்கள். பத்துக் கோடு, பதினைந்து கோடு என்று என்னவோ சொல்கிறார்கள். எது கள்ளக் காசு?

இரண்டும் நல்ல காசுதான். இரண்டில் முந்தினதில் ரூபாய்க் குறியீடு இருக்காது, மேலே பதினைந்து கோடு இருக்கும். 2010இல் குறியீட்டை ஏற்றுக்கொண்டார்கள், 2011இலிருந்து அது காசில் வந்தது, அதோடு கோடு பத்தானது. வடிவம் மாறினதைப் பார்த்து யாரோ கள்ளக் காசு என்று கிளப்பிவிட்டார்கள். அதுவரை வந்த 14 வடிவமும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாங்க மாட்டேன் என்கிற கடைக்காரரைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும், சட்டப்படி செல்லும் காசை ஒரு வதந்திக்காக ஒதுக்குகிறோம். சேர்க்கிறவர்களுக்கு அதிலும் ஒரு லாபம் இருக்கு. யாரும் வேண்டாம் என்று தள்ளுகிற காசைக் கேட்டு வாங்கினால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள், எனக்கு 2013 கயிறு வாரிய வைரவிழாக் காசு அப்படித்தான் கிடைத்தது.

கடையம், ஓய்வுபெற்ற தபால்காரர்: நம்ம ஊர் ஆட்கள், கோயில்கள் இருக்கிற காசு எதெல்லாம் சில்லறையில் இன்னும் கிடைக்கும்?

நல்ல கேள்வி சார், நானும் இதை வைத்துத்தான் ஒரு தனி ஆல்பம் போட்டிருக்கிறேன். 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் காசு, 2003 காமராசர் நூற்றாண்டு 5 ரூபாய், 2009 அண்ணா நூற்றாண்டு 5 ரூபாய், 2010இல் தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 5 ரூபாய், அதே வருஷம் சி. சுப்பிரமணியம் 5 ரூபாய். இதில் அண்ணா காசைக் கையில் எடுத்துப் பாருங்க, படத்துக்குக் கீழே அவர் கையெழுத்து தமிழிலேயே இருக்கும். இந்திய நாணயத்தில் தமிழ் எழுத்தை அப்படிப் பார்க்கும்போது கிடைக்கிற சந்தோஷத்துக்கு விலை போட முடியாது.

மேற்கே இருந்து வருகிறது ஸ்ரீ நாராயண குரு, 2006. அல்போன்சாம்மா, 2009. குரு காசு இரண்டு உலோகத்தில் உண்டு, செப்பு நிக்கல் ஒன்று, ஸ்டீல் ஒன்று. பிரிப்பது எப்படி என்று கீழே ஒரு கேள்விக்குச் சொல்லியிருக்கிறேன்.

கடையநல்லூரிலிருந்து ஓர் அக்கா: கறுத்துப்போன காசைப் புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகுது. இன்னும் பித்தளைப் பொடி போட்டால் நல்லா இருக்குமா?

அக்கா, தயவுசெய்து வேண்டாம். புளி, எலுமிச்சை, பொடி, சாம்பல் எதுவுமே வேண்டாம். காசின் மேலே காலம் போகப் போக ஒரு தோல் படிகிறது, சேர்க்கிறவர்கள் பார்ப்பதே அதைத்தான். புளியின் அமிலம் அந்தத் தோலோடு உலோகத்தையும் கொஞ்சம் தின்றுவிடும், பொடி நுணுக்கமாகக் கீறிவிடும். லென்ஸில் பார்த்தால் தலைமுடி மாதிரிக் கீறல் எல்லாப் பக்கமும் ஓடும், தேய்த்த காசு என்று ஒரு நொடியில் தெரிந்துபோகும், விலையும் போய்விடும். மண் ஒட்டியிருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்க. வீட்டில் இருப்பதைத் தேய்த்துவிட்டீர்கள் என்றாலும் பரவாயில்லை, இனி வருவதை விட்டுவிடுங்க.

ஆரியங்காவு, லாட்டரி கடை: ஸ்டார் நோட்டுன்னா என்ன அண்ணே? கள்ள நோட்டுன்னு ஒருத்தர் திருப்பிக் கொடுத்துட்டார்.

கள்ள நோட்டு இல்லை. அச்சடிக்கும்போது ஒரு நோட்டு பழுதாகிவிட்டால் அதே எண்ணில் மறுபடி அடிப்பதில்லை, அந்த இடத்தில் வேறொரு நோட்டை வைத்துக் கட்டை நூறாக்குவார்கள். அப்படி வைக்கிற நோட்டில் முன்னெழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் ஒரு நட்சத்திரம் இருக்கும். 2006இல் 10, 20, 50 ரூபாயில் ஆரம்பித்தது, புது 500இல் 2016 டிசம்பரில் வந்தது. இதே வதந்தி பெரிசாகப் பரவி, 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கி விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. திருப்பிக் கொடுத்தவருக்கு நன்றி சொல்லி எடுத்து வையுங்க.

நோட்டில் பார்க்க இன்னும் இருக்கு. 2005க்குப் பிறகு வந்ததில் பின்பக்கம் கீழே நடுவில் அச்சிட்ட வருஷம் இருக்கும். எண் இருக்கிற இடத்தில் எண்ணுக்குப் பின்னால் மங்கலாக ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், சிலதில் எழுத்தே இருக்காது. கவர்னர் கையெழுத்து மாறும். ஆக ஒரே 10 ரூபாய், வருஷம், எழுத்து, கையெழுத்து மூன்றும் சேர்ந்து எத்தனையோ விதமாகப் பிரியும். பழைய பெட்டியில் 10 ரூபாய் கிடைத்தால் கையெழுத்தை நிதானமாகப் பாருங்க. அமிதாவ் கோஷ் 1985 ஜனவரி 15 முதல் பிப்ரவரி 4 வரைதான் கவர்னராக இருந்தார், அவர் கையெழுத்துப் போட்ட 10 ரூபாய் லேசில் அகப்படாது.

பலர் கேட்டது: 786 நோட்டுக்கு மதிப்பு உண்டா?

உண்டு, ஆனால் அது ஆசைப்படுகிற ஆளைப் பொறுத்தது. வெறும் 786 எங்கேயோ நடுவில் இருப்பது சாதாரணம். ஆறு இலக்கமும் ஒன்றே, 123456 மாதிரி ஏறுவரிசை, முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் ஒரே மாதிரி படிக்கிறது, இதையெல்லாம் எடுத்து வைக்கலாம். மடிப்பு விழாமல் இருக்கணும். லேமினேஷன் செய்தால் தீர்ந்தது கதை, ரப்பர் பேண்டு போட்டாலும் கறை பிடிக்கும்.

சுரண்டை, மளிகைக் கடை: 1 ரூபாய் நோட்டை ரிசர்வ் வங்கி அடிக்கவில்லை என்கிறார்களே?

சரிதான். அதை வெளியிடுவது மத்திய அரசு, கையெழுத்து நிதித்துறைச் செயலாளருடையது. 1994இல் நிறுத்தி, 2015 மார்ச்சில் மறுபடி கொண்டுவந்தார்கள். இன்றும் செல்லும்.

செங்கோட்டை, பள்ளி ஆசிரியை: பாட்டியின் சுருக்குப் பையில் சங்கு போட்ட சின்னச் செம்புக் காசு இருந்தது. எந்த நாட்டுக் காசு?

நம்ம ஊர்க் காசுதான் டீச்சர்! செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம்தானே இருந்தது, பாட்டி சின்னப் பிள்ளையாக இருந்தபோது மிட்டாய் வாங்கினதே அந்தக் காசில்தான். சங்கு சமஸ்தானத்தின் சின்னம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்பது கணக்கு. சித்திரைத் திருநாள் மகாராஜா தலை போட்ட ஒரு சக்கரம் செம்பில் வந்தது, அதுவும் நம்ம பக்கத்து வீடுகளில் அடிக்கடி கிடைக்கும். சில வெள்ளிப் பணத்தில் வருஷம் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டில் இருக்கும், 825 கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில வருஷம் வந்துவிடும்.

மலிவாகக் கிடைக்கிற காசுதான், விற்க நினைக்காதீங்க. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தென்மலை, குளத்துப்புழை வழியாகத் திருவனந்தபுரம் போகிற பாதையில் நெடுமங்காட்டில் இறங்குங்க, அங்கே கோயிக்கல் கொட்டாரம் என்கிற அரண்மனையில் நாணயங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கு. பாட்டியின் காசை அங்கே வரிசையாக வைத்திருப்பதைப் பார்த்தால் பிள்ளைகள் அதை மறக்க மாட்டார்கள்.

இலஞ்சி, எலக்ட்ரீஷியன்: பழைய கனமான 5 ரூபாய்க்கும் இப்போதுள்ளதுக்கும் என்ன வித்தியாசம்? உலோகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

உங்களிடம் இருக்கிற காந்தமே போதும். கனமானது செப்பு நிக்கல், 9 கிராம், காந்தத்தில் ஒட்டாது. 2007இல் வந்தது ஸ்டீல், 6 கிராம், டக்கென்று ஒட்டும். அதற்கப்புறம் வந்த மஞ்சள் நிறக் காசு நிக்கல் பித்தளை, அதுவும் ஒட்டாது. நாராயண குரு காசையும் இப்படியே பிரிக்கலாம். கனமான 5 ரூபாயில் வருஷத்துக்குக் கீழே ‘எம்எம்டி’ என்று ரஷ்ய எழுத்தில் இருந்தால் அது மாஸ்கோவில் அடித்தது. நம்ம நாணயச் சாலைகளால் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாத காலத்தில் வெளிநாட்டில் கொடுத்து அடித்தார்கள். 1985 பெரிய 1 ரூபாயில் ‘எச்’ இருந்தால் பர்மிங்காம்.

வாசுதேவநல்லூர், பேருந்து நடத்துநர்: நடு வட்டம் விலகின 10 ரூபாய் கிடைத்தது. பிழைக் காசா?

அச்சிலேயே விலகியிருந்தால் பிழைக் காசு, யாராவது சூடுபடுத்தித் தட்டிக் கழற்றி மாட்டியிருந்தால் வெறும் 10 ரூபாய். இரண்டு உலோகமும் சேருகிற கோட்டை லென்ஸில் பாருங்க. எழுத்து அந்தக் கோட்டின் மேலே தடையில்லாமல் ஓடினால் நல்லது, அங்கே கருகலோ சுத்தியல் தடமோ தெரிந்தால் விட்டுவிடுங்க. கண்டக்டர் கையில் ஒரு நாளைக்கு எத்தனை காசு புரளுது, அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். நம்ம காசு பெரும்பாலும் புத்தகத்தின் பக்கம் திருப்புகிற மாதிரித் திருப்பினால் பின்பக்கம் நேராக நிற்கும். சாய்ந்தோ தலைகீழாகவோ நின்றால் அச்சு திரும்பின காசு, தனியாக எடுத்து வையுங்க.

அச்சன்கோவில் பாதை, தோட்டத் தொழிலாளி: குழி தோண்டும்போது பானையில் காசு கிடைத்தால் யாருக்குச் சொந்தம்?

எடுத்து விற்கக் கூடாது. தமிழ்நாட்டுப் பக்கம் என்றால், 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது மண்ணில் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கணும். அதை எழுத்திலேயே கொடுக்கணும். பானையைக் கலைக்காமல் அப்படியே விடுங்க, எந்தக் காசோடு எந்தக் காசு கிடந்தது என்பதை வைத்துத்தான் காலம் கணக்கிடுகிறார்கள்.

மேக்கரை, இல்லத்தரசி: மழைக்காலத்தில் ஆல்பத்துக்குள்ளேயே காசில் பச்சை பூக்குது தம்பி.

ஆல்பம் பிவிசி பிளாஸ்டிக்காக இருக்கும் அக்கா, திறந்ததும் புது ரெயின்கோட் வாசனை அடிக்கும். அதிலிருந்து வெளியே எடுங்க. அட்டைத் தாங்கியில் வைத்து, டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு மூடுங்க, சாரல் காலத்தில் பொட்டலத்தை மாற்றிக்கொண்டே இருங்க. காசை எப்போதும் விளிம்பைப் பிடித்து எடுக்கணும், நடுவில் விரல் படக் கூடாது.

கடைசியாக, தென்மலையிலிருந்து: அரிசிப் பானையில் 2000 ரூபாய் நோட்டு ஒன்று அகப்பட்டது. சேர்க்கவா, மாற்றவா?

2023 மே 19இல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள், ஆனால் செல்லாது என்று சொல்லவில்லை. உள்ளூர் வங்கியில் இப்போது வாங்க மாட்டார்கள். உங்களுக்குப் பக்கம் திருவனந்தபுரம் ரிசர்வ் வங்கி அலுவலகம், நேரில் போகலாம், தபாலில் அனுப்பினாலும் உங்கள் கணக்கில் வரவு வைப்பார்கள். கசங்கின நோட்டு என்றால் மாற்றிவிடுங்க. மடிப்பில்லாத நோட்டு, எண்ணும் நல்ல எண் என்றால் எனக்கு ஒரு போட்டோ அனுப்புங்க, பார்த்துச் சொல்கிறேன்.