பீரோவில் கிடக்கும் பழைய படங்கள்: கேள்வி பதில்

மாம்பலத்திலிருந்து: பெற்றோரின் கல்யாண ஆல்பம். பிளாஸ்டிக் தாள் மூடிய பசைப் பக்கங்களில் படங்கள் ஒட்டிக்கொண்டு வர மறுக்கின்றன.

முதலில் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்துவிடுங்கள். அப்புறம் கிழிந்தாலும் நகல் மிஞ்சும். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூல் மருந்துக்கடையில் கிடைக்கும்; மெழுகு பூசாததாக வாங்கி, படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு மெல்ல முன்னும் பின்னும் இழுங்கள். நகத்தால் நெம்ப வேண்டாம். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிய படமென்றால் பிரிக்கவே பிரிக்காதீர்கள்.

பெரம்பூரிலிருந்து: தாத்தா சேர்த்த கல்யாணப் பத்திரிகைகள், நாடக நோட்டீஸ்கள், சினிமா பாட்டுப் புத்தகங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய. இதையெல்லாம் நூலகம் வாங்குமா, பழைய பேப்பர்காரரிடம் போடலாமா?

ஐயோ, போட்டுவிடாதீர்கள்! கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு இந்த மாதிரிக் காகிதங்களையும் சேர்த்தவர். அந்தச் சேகரிப்பை வைத்துத்தான் 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் தொடங்கியது. இப்போது தரமணியில் இருக்கிறது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் என்ன இருக்கும் என்கிறீர்களா? யார் பெயருக்குப் பின்னால் என்ன பட்டம், விருந்து எத்தனை நாள், எந்த ஊர் அச்சகம்... வேறெங்கும் பதிவாகாத சங்கதிகள். என் மேஜைக்கு வந்த ஒன்றின் பின்பக்கம் பென்சிலில் மளிகைக் கணக்கு இருந்தது. எனக்கென்னவோ முன்பக்கத்தைவிட அதுதான் பிடித்தது. எந்த நூலகமும் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளாது. முதலில் பேசிப் பாருங்கள். கொடுக்கும்போது தாத்தா அடுக்கிய வரிசையைக் கலைக்காதீர்கள். குண்டூசி, ரப்பர் பேண்டை மட்டும் எடுத்துவிடுங்கள்.

வில்லிவாக்கத்திலிருந்து: லேமினேட் செய்துவிட்டால் பாதுகாப்புதானே?

இல்லை. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது. செலோடேப்பும் வேண்டாம்.

வேளச்சேரியிலிருந்து: 2015 வெள்ளத்தில் நனைந்த படங்கள் கட்டியாக இறுகிவிட்டன. மறுபடி அப்படி நடந்தால்?

ஈரமாக இருக்கும்போதே பிரித்து, நல்ல தண்ணீரில் அலசி, கொடியில் ஓரத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். படம் தெரியும் பக்கத்தைத் துடைக்கக் கூடாது. நேரமில்லையா, பையில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். இறுகிப்போனதைக் காகிதப் பாதுகாப்புத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நீங்களாக ஊறவைக்க வேண்டாம்.

மயிலாப்பூரிலிருந்து: வசம்பு வைத்தால் போதுமா?

சுவடிக்காரர்கள் வைத்ததுதான், பூச்சிக்கு நல்லது. ஆனால் நம்மூர் ஈரக்காற்றை அது என்ன செய்யும்? பெட்டியை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பரணிலும் வேண்டாம், மொட்டைமாடிச் சூடு இறங்கி, கலர் படமெல்லாம் சிவந்துபோகும்.