'லெஃப்ட்'டா, 'ஹேட் லெஃப்ட்'டா?

வணக்கம். "வென் ஐ ரீச்டு த ஸ்டேஷன், த டிரெயின்..." என்பதற்குப் பிறகு 'லெஃப்ட்' வருமா, 'ஹேட் லெஃப்ட்' வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இலக்கணப்படி இரண்டும் சரி, பொருள்தான் வேறு. 'லெஃப்ட்' என்றால் நீங்கள் போய்ச் சேரவும் ரயில் கிளம்பவும் சரியாக இருந்தது; கண்ணெதிரே போயிற்று. 'ஹேட் லெஃப்ட்' என்றால் நீங்கள் போனபோது தண்டவாளம் காலி. 'கிளம்பியது', 'கிளம்பிவிட்டிருந்தது' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் காதிலேயே விழும்.

ஆனால் தமிழை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். நம்மில் பலர் சறுக்குவது இங்கேதான். "நேற்று மாமா வந்திருந்தார்" என்று இயல்பாகச் சொல்வோம். அதையே 'அங்கிள் ஹேட் கம் யெஸ்டர்டே' என்று எழுதிவிடுகிறோம். வேறு பேச்சில்லாமல் தனியாக நிற்கும் வாக்கியத்துக்கு 'கேம்' போதும். 'ஹேட்' போட வேண்டுமானால், அதற்குப் பின்னால் நடந்த இன்னொரு பழைய நிகழ்ச்சியோ நேரமோ பேச்சில் இருக்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது வாக்கியம், 'ஆஃப்டர் ஐ ஹேட் ஈட்டன், ஐ ஸ்லெப்ட்', பிழையில்லை. 'ஆஃப்டர்' என்ற சொல்லே எது முதலில் என்று காட்டிவிடுவதால், 'ஆஃப்டர் ஐ ஏட்' என்று சுருக்கமாகவும் எழுதலாம். நானாக இருந்தால் அப்படித்தான் எழுதுவேன்.